சேனை வைத்த கை

ஒலக்கூர் ரயில் நிலையத்துக்குத் தெற்கே தண்டவாளத்தை ஒட்டியிருந்த சேரியில் இருதயமேரியைத் தெரியாதவர்கள் இல்லை. கை வேலையிலும் வாய் வசவிலும் ஓயாது. மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்க இறங்கினால் ஆண்களுக்கு முன்னால் வரப்பேறிவிடுவாள். அவள் புருஷன் தேவசகாயம் ரயில்பாதையில் கூலி வேலை பார்த்தான். அவளுடைய ஏச்சுக்கும் தூரத்தில் வரும் வண்டிச் சத்தத்துக்கும் ஒரே மாதிரி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைக் கவனிக்கிறவன்.

அவள் தன் ஓரகத்தியைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள் என்பதும் சேரி முழுவதற்கும் தெரியும். அதை மறைக்க அவள் முயன்றதில்லை. முயன்றாலும் அந்த முகத்துக்கு மறைக்கத் தெரியாது.

ஓரகத்தி சவுரியம்மாள், தேவசகாயத்தின் தம்பி சின்னப்பனைக் கட்டிக்கொண்டு விழுப்புரத்திலிருந்து வந்தவள். கொண்டுவந்த தகரப்பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒரு கண்ணாடி பதித்திருந்தது. சின்னப்பனுக்கு விழுப்புரம் ஜங்ஷனில் கரி ஏற்றும் வேலை. சனிக்கிழமை சாயங்கால வண்டியில் வந்து இறங்கும்போது அவன் கையில் பூவும் பக்கோடாப் பொட்டலமும் இருக்கும். தேவசகாயம் பூ வாங்குவது வருஷத்தில் ஒருநாள், கோயில் திருநாளுக்கு. அதுவும் மாதாவுக்கு.

"மாதாவுக்கு வாங்கினா போதுமா? வூட்ல ஒருத்தி இருக்கறது கண்ணுக்குத் தெரியலியா?"

"மாதா கேக்கறதில்ல. நீதான் கேக்கற" என்றான் அவன்.

பூவைக்கூட இருதயமேரி பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாதது சவுரியம்மாளின் சிரிப்பு. குடத்தைக் கிணற்றில் விட்டுவிட்டாலும் சிரிப்பாள், மழையில் கூரை ஒழுகினாலும் சிரிப்பாள், கேட்டவர்களும் கூடவே சிரிப்பார்கள். புருஷனை இழந்து தம்பிகளோடு இருந்த நாத்தனார் மதலேனாள், இருதயமேரியிடம் ஒரு நல்ல சொல் சொன்னதில்லை. அவளே இந்தப் பெண்ணோடு உட்கார்ந்து பல் தெரியச் சிரித்தாள்.

ரயில்பாதைக்கு மண் எடுத்த பள்ளங்கள் சேரியைச் சுற்றி இருந்தன. ஐப்பசி மழையில் அவை நிரம்பும். கார்த்திகையில் கொசு எழும்பும். அதன் பின்னால் குளிர்காய்ச்சல் வரும். ஒருநாள் விட்டு ஒருநாள், சொல்லிவைத்த நேரத்துக்கு உடம்பு தூக்கிப்போடும். கோணியையும் பாயையும் போட்டு மூடினாலும் பல் கிட்டித்துக்கொள்ளும். பிறகு வேர்த்து விட்டுவிடும், மறுநாள் எழுந்து வேலைக்குப் போவார்கள். தபாலாபீசில் அதற்குக் கொயினா மருந்துப் பொட்டலம் விற்றார்கள். ஆனால் பிள்ளைத்தாச்சிகள் அதைத் தொடமாட்டார்கள். கொயினா சூடு, கரு கலைந்துவிடும் என்பது சேரியின் தீர்ப்பு.

இருதயமேரி பல வருஷம் காத்திருந்து உண்டானது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில். காய்ச்சலோடுதான் களை எடுத்தாள். தை மாதத்தில் ஆண்பிள்ளை பிறந்தது. மருத்துவச்சி மண்ணாங்கட்டி, தொப்புள்கொடியைக் கட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவைத்துக் கேட்டாள்.

"யாருடி சேனை வைக்கறது? ஆளச் சொல்லு, ஜல்தி."

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதுதான் சேனை. வைக்கிறவரின் குணம் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று அதற்கு ஆள் பார்த்து அழைப்பார்கள். தான் வைக்கவேண்டும் என்று மதலேனாள் தயாராக நின்றாள். இருதயமேரி அவளைப் பார்க்கவே இல்லை.

"சவுரியைக் கூப்புடு" என்றாள்.

மண்ணாங்கட்டியே ஒரு நொடி திகைத்தாள். ஆனால் இருதயமேரி நெடுநாளாக யோசித்து வைத்திருந்தது அது. அந்தச் சிரிப்பு தனக்கு வராது. தன் பிள்ளைக்காவது வரட்டும். அவளிடமிருப்பதை எடுக்க இந்த ஒரு வழிதான் இருந்தது.

சவுரியம்மாள் அன்று காய்ச்சலில் சுருண்டு படுத்திருந்தாள். கூப்பிட்டதும் கம்பளியோடு எழுந்து வந்து, நடுங்கும் விரலைக் கிண்ணத்தில் தோய்த்துப் பிள்ளையின் நாக்கில் தொட்டாள். அப்போதும் சிரித்தாள்.

பிள்ளை பத்து நாள் நன்றாக இருந்தது. பிறகு உடம்பு கொதித்தது. பால் குடிக்கவில்லை, வெளுத்தது, வயிறு உப்பியது. கோயில் எண்ணெய் தடவினார்கள், மந்திரித்தார்கள். ஒரு விடியற்காலையில் அடங்கிவிட்டது.

கல்லறையிலிருந்து திரும்பியவுடன் இருதயமேரி வாசலில் நின்று சொன்னாள். "சிரிப்பக் குடுடின்னு கூப்ட்டேன். காய்ச்சலக் குடுத்துட்டா."

"இல்லக்கா… ஐயோ, இல்லக்கா" என்றாள் சவுரியம்மாள். காய்ச்சல் விரலோடு போய்ச் சேனை வைத்தது எல்லாரும் கண்ணால் பார்த்தது. அவளும் அதை நம்பிவிட்டாள் என்றுதான் தோன்றியது. அன்றுமுதல் வீட்டின் நடுவே தடுப்புச்சுவர் எழுந்து, அடுப்பு இரண்டானது. சவுரியம்மாளின் சிரிப்பும் நின்றது. அது நின்றதை இருதயமேரி கவனித்தாள். வருத்தப்படவில்லை.

இரண்டு வருஷம் கழித்துச் சவுரியம்மாள் உண்டானாள். இருதயமேரிக்கு அதன்பின் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. அவள் அடுப்பில் கேப்பைக்கூழ் கொதிக்கும்போது அடுத்த அடுப்பில் மதலேனாள் கருவாட்டுக் குழம்பு கூட்டுவாள். "புள்ளத்தாச்சி, குனியாத" என்பாள். "குடத்த வையி, நான் தூக்கியாறேன்" என்பாள். இருதயமேரி எட்டு மாதத்தில் குடம் தூக்கியபோது மதலேனாள் கைக்கு வேறு வேலை இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் சின்னப்பன் கொண்டுவந்த பொட்டலத்தின் வாசனை தடுப்புச்சுவரைத் தாண்டி வந்தது. இருதயமேரி முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.

அந்தக் கார்த்திகையில், பள்ளங்களையும் காய்ச்சலையும் ஆராய ஒரு கூட்டம் வந்து கோயில் பள்ளிக்கூடத்தில் இறங்கியது. ஒரு டாக்டரம்மா, இரண்டு ஆட்கள், பெட்டியில் ஒரு பூதக்கண்ணாடிக் கருவி. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி இடது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார்கள். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். அவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கும் வேலை இருதயமேரிக்குக் கிடைத்தது. வேலை முடிந்த ஒரு மத்தியானம் டாக்டரம்மா அவளையே உட்காரவைத்து விலாவைத் தொட்டுப் பார்த்தாள்.

"மண்ணீரல் வீங்கிக் கட்டியா இருக்கே. எத்தனை வருஷமாக் காய்ச்சல்? பிள்ளைங்க இருக்காங்களா?"

இருதயமேரி சொன்னாள். சேனையைப் பற்றியும் சொன்னாள். அதை யாரிடமும் சொல்லாமல் விட்டதே இல்லை.

டாக்டரம்மா முழுவதையும் கேட்டாள். "வயித்துல பிள்ளை இருக்கும்போது உனக்குக் காய்ச்சல் இருந்ததா?" என்றாள்.

"யாருக்குத்தாங்க இல்ல?"

"ஆட்டு மேல உண்ணி ஒட்டிக்கிட்டு ரத்தம் குடிக்குது இல்லையா? அதுமாதிரி இது கண்ணுக்குத் தெரியாத உண்ணி. ரத்தத்துக்குள்ளேயே இருந்து பிழைக்குது. தாய் ரத்தத்துல இருக்கறது சில சமயம் நஞ்சுக்கொடி வழியாப் பிள்ளைக்குப் போயிடும். எல்லாப் பிள்ளைக்கும் போறதில்லை. போனா, பிறந்து கொஞ்ச நாள் கழிச்சுத்தான் காய்ச்சலா வெளியே தெரியும். சர்க்கரைத் தண்ணியில வராதும்மா. தொட்டா ஒட்டாது."

"அப்போ… என்கிட்டேருந்தா?"

"உன் தப்பு இல்லை. உனக்கு யாரும் மருந்து தரலை."

இருதயமேரி குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். உன் தப்பு இல்லை என்பது அவள் காதில் ஏறவில்லை. மூன்று வருஷமாக அவள் சாப்பாட்டோடு சேர்த்து மென்று வந்த ஒரு வழக்கு இருந்தது. அதில் அவள் வாதி, சவுரியம்மாள் குற்றவாளி. டாக்டரம்மா அதைப் பிடுங்கிக்கொண்டு, என் ரத்தம் என் பிள்ளையைத் தின்றது என்பதைக் கையில் கொடுக்கப் பார்த்தாள். இருதயமேரி வாங்கிக்கொள்ளவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

மறுநாள் டாக்டரம்மா கர்ப்பிணிகளைக் கூப்பிட்டுக் கொயினா கொடுத்தாள். பயப்படாதீர்கள், அளவாகத்தான் தருகிறேன், தாய்க்கும் பிள்ளைக்கும் இதுதான் காப்பு என்றாள். சவுரியம்மாள் தலையாட்டி வாங்கிக்கொண்டாள். திரும்பும் வழியில் மதலேனாள், "சூடுடி அது, தூக்கிப் போடு" என்றதும் பொட்டலத்தைப் பள்ளத்துத் தண்ணீரில் எறிந்தாள். பின்னால் குடத்தோடு வந்துகொண்டிருந்த இருதயமேரி அதைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். எனக்கு யார் சொன்னார்கள், என்று நினைத்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

தை பிறந்ததும் சவுரியம்மாளுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. அதே மண்ணாங்கட்டி, அதே கேள்வி. தடுப்புச்சுவருக்கு இந்தப் பக்கம் இருதயமேரி முறத்தில் கேப்பையைப் புடைத்துக்கொண்டு, காது முழுவதையும் அங்கே வைத்திருந்தாள்.

"மேரி அக்காவைக் கூப்புடுங்க."

"பேஜாரு புடிச்சவளே, அவளையா?" மதலேனாளின் குரல் கிறீச்சிட்டது. "கண்ணாலயே எரிக்கறவ அவ."

"அக்காதான் வைக்கணும். அக்கா மாதிரி கெட்டியா இருக்கட்டும் என் பொண்ணு. மழையோ வெயிலோ, யாரு இன்னா சொன்னாலும் அசையாம நிக்கறாங்க பாரு. என்னால முடியல. எனக்கு அத்தப் பாத்து எத்தினி நாளு…" முடிக்காமல் அவள் அழுதாள்.

இருதயமேரியின் கையில் முறம் நின்றுபோனது. இவள் என்னைப் பார்த்து ஏங்கினாளா? அதில்கூடத் தன்னை முந்திக்கொண்டு நல்லவளாகிவிட்டாளே என்றுதான் முதலில் தோன்றியது. போனாள். விரலைத் தோய்த்து வைத்தாள். பிள்ளை சப்புக்கொட்டியது. நன்றாக இரு என்று மனசுக்குள் சொல்ல நினைத்தாள். வந்தது வேறு. என் பிள்ளையும் இப்படித்தான் சப்புக்கொட்டினான், இது மட்டும் இருக்கப்போகிறது, என்று வந்தது.

இரண்டாவது வாரம் முடிவதற்குள் பிள்ளைக்கு உடம்பு சுட்டது.

வேலையிலிருந்து வந்த இருதயமேரி வாசலில் கூட்டத்தைப் பார்த்தாள். உள்ளே சவுரியம்மாள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் முந்தானையை இழுத்துப் பிள்ளையை மூடினாள். மதலேனாள் வாசலை மறித்து நின்றாள்.

"வந்துட்டியா பாக்க? கை வச்சது போதாதா? எரிஞ்சிக்கினு வச்ச இல்ல, இப்ப அது எரியுது. கண்டாச்சிபுரத்துல மந்திரிக்கறவரு இருக்காரு, விடிஞ்சதும் கொண்டுக்கினு போறோம். நீ இந்தப் பக்கம் தலை காட்டாத."

கூட்டம் அவளையே பார்த்தது. இருதயமேரி தன் பக்கத்து அடுப்படிக்குப் போய் நின்றாள். கையைப் பார்த்தாள். பிள்ளையின் நாக்கில் வைத்தபோது நினைத்தது அவளுக்குத்தான் தெரியும். ஒருவேளை உண்மைதானோ? தன் வயிறு எரிந்தது விரல் வழியாக இறங்கிவிட்டதோ? அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் டாக்டரம்மா சொன்னதும் அவளுக்குத்தான் தெரியும். அது உண்மையென்றால் இந்தக் காய்ச்சல் அவள் விரலால் வந்ததில்லை. அப்படியானால் அன்றைய காய்ச்சலும் சவுரியம்மாளின் விரலால் வந்ததில்லை. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள வழியில்லை. தான் தப்பவேண்டுமென்றால் அவளையும் விட்டுவிட வேண்டும். அவளைப் பிடித்துவைக்க வேண்டுமென்றால், தானும் ஒரு பிள்ளையைக் கொன்றவளாக இந்த அடுப்படியில் நிற்கவேண்டும். இதற்குள் பிள்ளையைக் கண்டாச்சிபுரத்துக்குக் கொண்டுபோவார்கள். அது வழியிலேயே அடங்கும். அவள் பெற்றவனைப் போல.

இரு, அவ்வளவு சுலபமாகப் போய்விடாதே என்று அவளுக்கு அந்தப் பிள்ளைமேல் கோபம் வந்தது.

எழுந்து மறுபடி வாசலுக்கு வந்தாள். மதலேனாளைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"மந்திரிக்கறவரு வேணாம். திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போவணும். இது குளிர்காய்ச்சலு. இவ ரத்தத்துலேருந்து புள்ளைக்கு வந்தது. வயித்துல இருக்கும்போதே வந்துட்டுது. கொயினா குடுத்தா பொழைக்கும். டாக்டரம்மா சொன்னாங்க."

"பாத்தியா நியாயத்த!" மதலேனாள் கூட்டத்தைப் பார்த்துக் கைதட்டினாள். "இவ புள்ள செத்தா அடுத்தவ கையி. இவ கை வச்சா மட்டும் ரத்தமா? அதுக்கு ஒரு நியாயம், இதுக்கு ஒரு நியாயமா?"

"ரெண்டுக்கும் ஒரே நியாயந்தான்" என்றாள் இருதயமேரி. குரல் அவளுடையதுபோல இல்லை. "என் புள்ளையத் தின்னது என் காய்ச்சலு. சவுரி கை இல்ல. சவுரி ஒண்ணும் பண்ணல."

சவுரியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். நன்றி எதுவும் அந்தப் பார்வையில் இல்லை.

"எப்போலேருந்து தெரியும்?"

"கார்த்திகையில."

"நான் பொட்டலத்த எறிஞ்சப்போ?"

"பின்னாடிதான் வந்துக்கினு இருந்தேன்."

சவுரியம்மாள் பிள்ளையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு எழுந்தாள். மறுகையால் இருதயமேரியின் கன்னத்தில் அறைந்தாள். பேறு கழிந்து இன்னும் பச்சை உடம்புதான். ஆனாலும் அறை வலுவாக இருந்தது. இருதயமேரி கையைத் தூக்கவில்லை.

"போன மூணு வருஷத்துக்கு ஒண்ணு" என்றாள் சவுரியம்மாள். "மீதி அப்புறம் வச்சிக்கிறேன். வழி காட்டு, ஆஸ்பத்திரி எனக்குத் தெரியாது."

திண்டிவனம் போகும் சாயங்கால வண்டி இன்னும் வரவில்லை. இருவரும் ஓட்டமும் நடையுமாக நிலையத்துக்குப் போனார்கள். மதலேனாள் பாதி தூரம் திட்டிக்கொண்டே பின்னால் வந்தாள். பிறகு மடியிலிருந்த சில்லறையை எடுத்துச் சவுரியம்மாளின் முந்தானையில் முடிந்துவிட்டு நின்றுவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையின் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தாயின் விரலிலும் எடுத்தார்கள். இரண்டிலும் ஒரே பூச்சி. சின்ன அளவாகக் கொயினா கரைத்துப் பிள்ளைக்குப் புகட்டினார்கள். பிள்ளை முகத்தைச் சுளித்துத் துப்பியது. மறுபடி புகட்டினார்கள். சில நாளில் சூடு இறங்கியது. ஒரு காலையில் தானாகவே பாலுக்கு முட்டியது. சவுரியம்மாள் சத்தமாகச் சிரித்தாள். வார்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பைக் கேட்டு இருதயமேரிக்கு ஆறுதல் ஏதும் வரவில்லை. முன்பெல்லாம் பொறாமைப்பட அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. என் பிள்ளையைக் கொன்றவள் சிரிக்கலாமா என்று கேட்கலாம். இப்போது கேட்க ஒன்றுமில்லை. பிழைத்த பிள்ளை ஒன்று, பிழைத்திருக்கக்கூடிய பிள்ளை ஒன்று, இரண்டுக்கும் நடுவில் கசப்பான ஒரு மருந்துப் பொட்டலம். அவள் எழுந்து வெளியே போய், பிள்ளையின் துணிகளைக் கல்லில் அடித்து அடித்துத் துவைத்தாள்.

அதற்குப் பிறகு சேரியில் யாராவது உண்டாகியிருக்கிறாள், காய்ச்சலும் இருக்கிறது என்று காதில் விழுந்தால் இருதயமேரி அந்த வாசலில் போய் நிற்பாள். இனிக்கப் பேசி அழைத்துப்போகிறவள் அல்ல அவள். "எனக்கு ஒருத்தியும் சொல்லல. உனக்குச் சொல்றேன். கெளம்புடி" என்பாள். சூடு, கலைந்துவிடும் என்று யாராவது இழுத்தால், "கலைஞ்சா என்னை வந்து கேளு" என்று கத்துவாள். பயந்துகொண்டு கிளம்பினவர்கள்தான் அதிகம். மண்ணாங்கட்டியே பிள்ளைத்தாச்சி வீடுகளில், "மேரி வர்றதுக்குள்ள நீயே போய்டு, அவ வாயில வுழாத" என்று சொல்ல ஆரம்பித்தாள்.

யுத்தம் முற்றியதும் கொயினா கிடைப்பது அரிதாயிற்று. தபாலாபீசில் இல்லை என்றார்கள். ஆஸ்பத்திரியில் மட்டும், காய்ச்சல் இருப்பதைப் பார்த்து அளந்து கொடுத்தார்கள். விடியற்காலையிலேயே போய் நிற்கவேண்டும்.

நாற்பத்துமூன்றில் ஒருநாள் கிழக்கு வெளுக்கும் நேரத்தில் இருதயமேரி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் சவுரியம்மாள் வந்து நின்றாள். கன்னத்தில் விழுந்த அந்த அறைக்குப் பிறகு இருவரும் வேலைக்கு வேண்டிய பேச்சைத் தவிர அதிகம் பேசிக்கொண்டதில்லை. அவள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வயிற்றை ஒரு கையால் தாங்கியபடி, பல் தந்தியடிக்க நின்றாள்.

இருதயமேரி அந்த வயிற்றைப் பார்த்தாள். இரண்டாவது. சின்னப்பன் நேற்றுக் கொண்டுவந்த பூ இன்னும் வாடாமல் தலையில் இருந்தது.

அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டு எழுந்தாள். தேவசகாயத்தின் போர்வையையும் எடுத்து, சவுரியம்மாளின் கம்பளிக்கு மேல் போட்டு இறுக்கினாள். இருவரும் தண்டவாளத்தை ஒட்டி நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் இருதயமேரி, முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு வயித்தெரிச்சலா இருக்குடி."

"தெரியுங்கக்கா" என்றாள் சவுரியம்மாள், நடுங்கிக்கொண்டே. "ஜல்தி நடங்க. வண்டி போய்டும்."